பால்வெட்டுப் பரீட்சையன்று அழுத பிள்ளை

நாளை மறுநாள் கப்பல் ஏறப்போகிற புதுத் தொண்டர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால் ஆயுசு முழுக்கப் பால்வாடியில் தொண்டை கிழியக் கத்தியிருப்பேனா? அதனால் கொஞ்சம் நீளும். கப்பலில் படிக்க எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் கார் நிக்கோபார் தாண்டிக் கடல் ஆட்டம் போடும்போது படிக்காதீர்கள். வயிறு புரண்டால் பழி என் எழுத்தின் மேல் விழும்.

கொசுவலை கட்டுவது, தண்ணீர் காய்ச்சுவது, செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுக் காலை நுழைப்பது, இதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். செருப்பு விஷயத்தை மட்டும் நானும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். தீவுப் பூரான் நம் ஊர்ப் பூரான் மாதிரி கிடையாது. அரை முழம் இருக்கும், கடித்தால் பெற்றவர்கள் பெயர்கூட மறந்துபோகும். தட்டிவிட்டுப் போடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரு காரியம். கேட்க வழியில்லை. செய்யாமலும் இருக்க முடியாது. அப்போது என்ன பண்ணுவீர்கள்? எனக்கு அப்படி ஒரு காலைப்பொழுது வந்தது. கச்சால் தீவில், எழுபதுகளின் தொடக்கத்தில்.

நான் மதுரைக்காரி. கல்லூரி முடித்த கையோடு ஒரு தொண்டு சங்கத்தில் சேர்ந்து, அந்தமானுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "யாரைக் கொன்னே?" என்று கேட்டார். அவர் காலத்து மனிதர்களுக்கு அந்தமான் என்றால் ஜெயில்தான். அம்மா அழுதாள். பக்கத்து வீட்டு மாமி மட்டும் காரியமான ஆள்; அழுகிற வேலையை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். அந்த ஜாடியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாருக்குப் பின்னால் மேட்டில் ஒரு தகரக்கூரை வீடு. அதுதான் எங்கள் பயிற்சி முகாம். மழை பெய்தால் பாடம் காதில் விழாது. மழையோ நிற்காது. முதல் பாடம் இந்தி. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நிக்கோபாரி எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளத் தீவுகளில் அதுதான் வழி. நானோ கல்லூரி வாசலில் நின்று இந்தி ஒழிக என்று கோஷம் போட்டவள். அதே வாயால் அபர்டீன் பஜாரில் போய், "பைங்கன் கித்னா?" என்று கத்திரிக்காய் விலை கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் ராம்நாட்டுக்காரன்தாம்மா, தமிழ்லயே கேளு" என்றார். கூட வந்த மற்றத் தொண்டர்கள் சிரித்த சிரிப்பில் கத்திரிக்காய் வாங்காமலே திரும்பினேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு வங்காளி அம்மாள். எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. அகதி முகாம்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் அவருக்கு. அவர் சொன்ன விதிகளில் பாதியை நான் காற்றில் விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் விட முடியவில்லை, அவர் விடவில்லை. தாயைக் கேட்காமல் பிள்ளையின் வாயில் எதையும் வைக்கக் கூடாது. மருந்தோ, மிட்டாயோ, வெறும் தண்ணீரோ. "மா கோ பூச்சோ", தாயைக் கேள் என்பார். சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதுகூட அதைச் சொல்லிவிட்டுத்தான் கூப்பிடுவார்.

காரணத்தையும் சொன்னார். நாம் நல்ல எண்ணத்தில் எதையாவது கொடுத்து, அப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த ஊரில் நம் வேலை அன்றோடு முடிந்தது. நமக்குப் பின்னால் வருகிறவளையும் வாசற்படி ஏற்ற மாட்டார்கள். இதை நான் முழுசாக நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

பயிற்சி முடிந்து கச்சாலுக்குக் கப்பல் ஏறினேன். அப்போதெல்லாம் அங்கே கப்பல் கரையை ஒட்டாது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகு வந்து ஆட்களை இறக்கும். ஏணியின் கடைசிப் படியில் நின்று, அலை படகைத் தூக்கிக் கொடுக்கிற அந்த நொடியில் குதிக்க வேண்டும். நான் ஒவ்வோர் அலைக்கும் படகுக்காரரிடம் இப்பவா, இப்பவா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள் படகு கீழே போய்விடும். எனக்குப் பின்னால் ஏணி முழுக்க ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர் பேச்சையே நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அரிசி மூட்டை மேல் போய் விழுந்தேன். என் டிரங்குப் பெட்டி என் மேல் விழுந்தது. ஊறுகாய் ஜாடி மட்டும் உடையவில்லை. இந்த அழகில்தான் ஊருக்குத் தொண்டு செய்ய வந்து இறங்கினேன்.

கச்சாலில் ரப்பர் தோட்டம் போட்டு, சிலோனிலிருந்து திரும்பிய நம் மலையகத் தமிழர்களை அங்கே குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். மெயின்லேண்டில் ஏதோ ஒரு முகாமில் கிடந்துவிட்டு, மறுபடி கப்பல் ஏறி இங்கே வந்து, இப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். மரப்பட்டையை வளைந்த கத்தியால் மெல்லிசாகச் சீவி, வழிகிற பாலைச் சிரட்டையில் பிடிக்க வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குக் காயம். போகாவிட்டால் பால் வராது. வெயில் ஏறினாலோ பால் நின்றுவிடும், அதனால் இருட்டோடு கிளம்ப வேண்டும். அவர்களுக்கும் பயிற்சிக் காலம், எனக்கும் பயிற்சிக் காலம். நன்றாகத்தான் சேர்ந்தோம்.

எனக்குக் கொடுத்த உத்தரவு, மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பால்வாடி. ஒன்பது மணிக்கு நானும் மணி அடித்தேன். தாய்மாரோடு இருட்டில் எழுந்த பிள்ளைகள் ஒன்பது மணிக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கினார்கள். பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் நானே பாடி நானே கேட்டேன்.

அவர்கள் பழகியது வேறு. சிலோன் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா என்று ஒன்று உண்டு. வேலைக்குப் போகிற தாய் கைக்குழந்தையை அங்கே தூளியில் விட்டுவிட்டுப் போவாள், நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலையேறுவாள். இங்கேயும் அவர்களுக்கு அதுதான் தேவைப்பட்டது. மணியைத் தூக்கி மூலையில் வைத்தேன். விட்டத்தில் தூளி கட்டினேன். இருட்டிலேயே கதவைத் திறந்தேன். அனுமதி கேட்டு போர்ட் பிளேருக்கும் எழுதிப் போட்டேன். அதற்குப் பதில் வருவதற்குள் பொக்கை வாயோடு வந்த பிள்ளைகளுக்குப் பல் முளைத்துவிட்டது.

அந்தத் தூளிகளில் ஒன்றில் கிடந்தவன் சந்திரன். அவன் அம்மா ராமாயிக்கு என் வயதுதான் இருக்கும். மற்றத் தூளிப் பிள்ளைகள் அதற்குள் பால் மறந்துவிட்டதால், எங்கள் கூட்டத்தில் பால்குடிப் பிள்ளை வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் புருஷன் இன்னும் காகிதங்கள் சரியாகாமல் சிலோனிலேயே நின்றுவிட்டான். பயிற்சி முடிவில் ஒரு பரீட்சை உண்டு. போர்ட் பிளேரிலிருந்து ஆபீசர் வந்து பார்ப்பார். தேறினால் வேலை நிரந்தரம், குடியிருக்க வீடும் உண்டு. தேறாவிட்டால் கப்பலேறி மெயின்லேண்டு, மறுபடி முகாம். புருஷனுக்குப் போன கடிதங்களிலெல்லாம் விலாசம் கச்சால் என்றுதான் இருந்தது. அவள் வேறெங்காவது போய்விட்டால் அவன் எந்த முகாமில் வந்து தேடுவான்?

"அவரு வந்து எறங்குறப்ப நான் ஒரு வீட்டு வாசல்ல நிக்கணும் டீச்சரு" என்பாள். தினம் பிள்ளையை என் கையில் கொடுக்கும்போது அவள் சொல்கிற வார்த்தை அதுதான். எனக்கும் அந்தப் பரீட்சை என் பரீட்சை மாதிரியே ஆகிவிட்டது.

அவளிடம் ஒரே ஒரு விஷயம் என் கண்ணை உறுத்தும். அவள் குடிதண்ணீர்க் குடத்தை யாரும் தொடக் கூடாது. பிள்ளைக்குத் தனியாக ஒரு செம்பு. பக்கத்து வீட்டுக்காரி தெரியாமல் எடுத்துவிட்டால்கூட ராமாயியின் முகம் சுண்டிப்போகும், அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவாள். ஓகோ, இத்தனை கடல் தாண்டியும் இந்தப் பழக்கத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகவே தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டேன்.

இனி மார்த்தா. கடற்கரைக் கிராமத்து நிக்கோபாரிப் பெண். கப்பல் நாளில் அவர்கள் ஊரே தேங்காயும் வாழைக்குலையும் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிடும். வந்தால், இடுப்பில் தன் கைக்குழந்தை ரூத்தோடு மார்த்தா நேரே என் பால்வாடிக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகளைப் பார்க்கத்தான் இவ்வளவு ஆசையாக வருகிறாள் என்று முதலில் நினைத்தேன். வந்தது ஊறுகாய்க்கு. ஒரு துண்டை வாயில் அதக்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அவள் இந்தியும் என் இந்தியும் சரிசமமாக மோசம். அதனால் ஒருவரை ஒருவர் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

பரீட்சை நாள் வந்தது. ஆபீசரை முந்தின நாளே கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் பக்கத்துக் கமோர்ட்டா தீவுக்குப் போயிருந்தது. சாயங்காலம் திரும்பும், அவர் அதில் ஏறிவிடுவார். அந்த ஒரு காலைதான் பரீட்சைக்கு. ராமாயி வழக்கம்போல இருட்டிலேயே சந்திரனுக்குப் பால் கொடுத்து என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அவள் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. மழை விட்டு, மரம் காய்ந்து, ஆபீசர் சரி என்று தலையாட்டுவதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. வானம் மூடிக் கிடந்ததால் பால் ஓடும் என்றார்கள், அந்த மட்டும் நல்லது. ஆனால் பழகின பக்கத்து மரங்கள் வேண்டாம், மேட்டுத் தோட்டத்துக்கு நடங்கள் என்றுவிட்டார். போதாக்குறைக்கு, பாதியில் வரிசையை விட்டு யார் போனாலும் அவர்களுக்குப் பரீட்சை அதோடு சரி என்றும் சொல்லிவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. கப்பலைப் பிடிக்க வேண்டியவர்.

இங்கே சந்திரன் விழித்துக்கொண்டான். முந்தின நாள் அவனுக்கு வயிற்றுப்போக்கு. பிள்ளை ஏற்கெனவே துவண்டிருந்தான். ராமாயி அனுமதி கொடுத்திருந்த பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்தேன், துப்பினான். அவள் காய்ச்சி வைத்துவிட்டுப் போன கஞ்சித் தண்ணீரைச் சங்கில் புகட்டினேன், அதையும் கொப்பளித்தான். அவனுக்குத் தெரிந்தது ஒரே சாப்பாடு, அது மேட்டுத் தோட்டத்தில் கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தது. டிஸ்பென்சரி தீவின் அந்தப் பக்கம், நடந்து போய் வரும் தூரமில்லை.

அழுதான், அழுதான், அப்படி அழுதான். அப்புறம் அழுகையின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. உதடு காய்ந்திருந்தது, தூளித்துணி வெகுநேரமாக நனையவே இல்லை.

சாயங்காலக் கப்பலுக்காகக் காலையிலேயே வந்து மூலையில் ஊறுகாயோடு உட்கார்ந்திருந்த மார்த்தா கண்ணைத் திறந்தாள். "பூக்கா ஹை" என்றாள். பசி என்கிறாள். ரூத்தை மடியிலிருந்து இறக்கிப் பாயில் உட்கார வைத்தாள். மேல்துணியை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இதர் தோ."

இங்கே கொடு. அவ்வளவுதான் சொன்னாள்.

சிலோன் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்த ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டதால் மரத்துக்குப் போவதில்லை, பால்வாடிக்குத் தண்ணீர் எடுத்துத் தருவார். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, தாயக் கேக்காம குடுத்துப்புட்டு நாளைக்கு நியாயம் பேச முடியாது. ஒரு ஆள அனுப்பி ராமாயியக் கூப்பிட்டுருவோம்."

அவர் சொன்னது தப்பே இல்லை. தீதி அங்கே இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஆளை அனுப்பினால் என்ன ஆகும்? ராமாயி கேள்விக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு மரத்தை வெட்டிக்கொண்டிருப்பாளா? பிள்ளைக்கு முடியவில்லை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். வேலையும் போச்சு, வீடும் போச்சு. கேட்கப் போனாலே அவளுக்காக நான் முடிவு பண்ணிவிட்டதாக ஆகிவிடும்.

கேட்காமல் கொடுத்தால்? அந்தக் குடம் என் கண் முன்னால் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரி தொட்ட தண்ணீரையே கீழே கொட்டுகிறவள், வேறு இனம், வேறு மதம், வேறு சாப்பாடு சாப்பிடுகிற ஒருத்தியின் பாலைத் தன் பிள்ளை குடித்தான் என்று தெரிந்தால் என்ன சொல்வாள்? மார்த்தா எதிரிலேயே ஏதாவது சொல்லிவிட்டால் அந்த அவமானத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்? மறுநாளிலிருந்து ஒரு தூளிகூடத் தொங்காது. தீதி சொன்னதுபோல, எனக்கு அடுத்து வருகிறவளுக்கும் கதவு கிடையாது.

மார்த்தா நீட்டிய கையை மடக்கவில்லை. நான் ஏன் யோசிக்கிறேன் என்று அவள் கேட்கவும் இல்லை. அலை படகைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. உனக்கு உடம்பு சுகம்தானே என்று கேட்டேன். நேற்றுத் தென்னை மரம் ஏறினேன், நீ ஏறுவாயா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டேன்.

சந்திரன் ஒரு கணம் முகத்தைத் திருப்பினான். புது வாசனை. அப்புறம் பற்றிக்கொண்டான் பாருங்கள், மடக் மடக்கென்று அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கங்காணியார் வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ரூத்துக்குத்தான் தாங்கவில்லை. தன் சொத்தில் ஒருவன் பங்குக்கு வந்துவிட்டதைப் பார்த்து ஊரைக் கூட்டினாள். அவளுக்கு மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். அது போதாமல் முரண்டு பிடித்தாள். சந்திரன் வேண்டாமென்ற கஞ்சித் தண்ணீரில் பாத்திரத்தில் மீதி இருந்ததை அவளுக்குப் புகட்டினேன். அவள் தாயைக் கேட்டுவிட்டுத்தான்!

சந்திரன் தூங்கிப்போனான். கொஞ்ச நேரத்தில் தூளி நனைந்தது. பிள்ளை மூத்திரம் பெய்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கங்காணியார் திரும்பாமலே பேசினார். "நடந்தது நடந்துபோச்சு. நீங்களே போயிச் சொல்லிருங்க. வேற வாயி வழியா அந்தப் புள்ளைக்குப் போகக் கூடாது."

நல்ல மனிதர். பாதையின் பாதியில் போய் நின்றேன். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா என்று ஒரு வாக்கியம். உயிருக்கு முன்னால் மற்றதெல்லாம் என்ன என்று இன்னொரு வாக்கியம். மேடைப் பேச்சு மாதிரி நீண்டுகொண்டே போயிற்று.

வாளியோடு இறங்கி வந்தாள் ராமாயி. முகமெல்லாம் பல். ஆபீசர் அவள் மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம், ஒரு காயம்கூட இல்லை என்றாராம். கொழுந்து கிள்ளிப் பழகின விரல் இல்லையா, கத்தி மெல்லிசாகத்தான் போகும். எனக்கு அந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்ளக்கூட முடியவில்லை. ஒத்திகை பார்த்த வாக்கியம் எல்லாம் ஓடிப்போய்விட்டது. பிள்ளை துவண்டதையும், அவளைக் கூப்பிடாததையும், மார்த்தா பால் கொடுத்ததையும் ஒரே மூச்சில் கொட்டினேன். இப்போது பிள்ளை தூங்குகிறான் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

ராமாயி வாளியைக் கீழே வைத்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில், பால்வாடி வாசலில் ரூத்தை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த மார்த்தாவையே பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்குப் பத்துச்சா டீச்சரு?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டேன்.

"அவ புள்ளைக்குத்தான். நம்ம புள்ள குடிச்சது போக அதுக்கு மிச்சம் இருந்துச்சா?"

நான் அங்கேயே நின்று அழுதேன். ரூத்துக்குக் கஞ்சி கொடுத்தேன் என்றேன். கஞ்சியா என்று ராமாயி ஒரு மாதிரி பார்த்தாள். பச்சைப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்து உட்கார வைத்திருக்கிறாயே என்கிற பார்வை. விறுவிறுவென்று நடந்தாள். கையைத் தேய்த்துக் கழுவினாள். தூளிக்குள் குனிந்து சந்திரனைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள். பிறகு மார்த்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்து ரூத்தை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். காலை முழுக்கக் கட்டிக்கிடந்த பால். ரூத்துக்கு இந்த ஏற்பாட்டில் எந்த ஆட்சேபணையும் இல்லை. மார்த்தா சிரித்துக்கொண்டே என் பக்கம் கையை நீட்டி ஊறுகாய் கேட்டாள்.

குடத்து விஷயத்தை அன்றைக்குத்தான் ராமாயியிடம் கேட்டேன். முகாமில் இருந்தபோது கெட்ட தண்ணீரால் பேதி வந்து அவளுடைய மூத்த பிள்ளை போய்விட்டது. அதிலிருந்து, காய்ச்சி வைத்த தண்ணீரில் கண்ட கை படாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது குடம் மட்டும்தான். மீதியெல்லாம் நானே நிரப்பிக்கொண்டது.

சாயங்காலம் கப்பல் கூவும்போது ஆபீசர் பெயர்களை வாசித்தார். ராமாயி பெயர் இருந்தது. நான் சத்தம் போட்டதில் அவர் திடுக்கிட்டு, இந்த அம்மாளும் பரீட்சை எழுதினாரா என்று விசாரித்தாராம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவள் புருஷன் வந்து இறங்கினான். படகிலிருந்து இறங்கி அவன் கேட்ட முதல் ஆளே வீட்டைக் காட்டிவிட்டார். அவள் வாசலில்தான் நின்றாள்.

பிறகு போர்ட் பிளேருக்குப் போனபோது தீதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் விதியை மாற்றிச் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். ஏன் மாற்ற வேண்டும் என்றார். நானும் மாற்றவில்லை. தாயைக் கேளுங்கள். எப்போதும் கேளுங்கள். கேட்கவே முடியாத ஒரு நாள் வந்தால், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நீங்களே பாதி வழி போய் அவளிடம் சொல்லுங்கள். அவள் திட்டினால் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். என்ன சொல்வாள் என்று முன்கூட்டியே அவளுக்காக நீங்கள் பேசி வைத்துக்கொள்ளாதீர்கள். அது நமக்கு ஒருபோதும் சரியாக வருவதில்லை.

போன தை மாதம் கச்சாலில் சந்திரனுக்குக் கல்யாணம். மார்த்தா வீட்டார் சீர் கொண்டுவந்தார்கள். தேங்காய், வாழைக்குலை, கிழங்கு, கூடவே உயிரோடு ஒரு பன்றி. அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பெண் வீட்டார் போர்ட் பிளேரிலிருந்து வந்த சைவக்காரர்கள். பன்றி பந்தல் பக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்று ராமாயி யோசித்து, கயிற்றை என் கையில் கொடுத்தாள். "ஒங்களத்தான் டீச்சரு நம்பியிருக்கேன்" என்றாள். ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் பதவி.

மேளம் உச்சத்துக்குப் போயிற்று. நான் பட்டுச்சேலையோடு வீட்டுப் பின்பக்கம் பன்றியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"இதர் தோ."

மார்த்தா. கயிற்றை வாங்கித் தென்னை மரத்தில் ஒரே சுற்றாகச் சுற்றிக் கட்டினாள். என் மணிக்கட்டைப் பிடித்துப் பந்தலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் போய் நிற்கும்போது சந்திரன் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டான். மூன்றாவது நாத்தனார் முடிச்சு. ராமாயிக்கு அப்புறம் பெண் பிள்ளை பிறக்கவில்லை. மணமேடையில், சேலையைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு மணப்பெண்ணுக்குப் பின்னால் ரூத் குனிந்து நின்றாள்.

பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், யார் இந்தப் பெண் என்று கேட்டார். ராமாயி அட்சதைத் தட்டிலிருந்து நிமிரக்கூட இல்லை.

"மாப்பிள்ளையோட தங்கச்சி" என்றாள்.

ரூத் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள், ஓடத்தைக் கரையில் கட்டுகிற மாதிரி.